முப்பத்தேழாம் அடுக்கு

முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மூடியை விலக்கச் சொல்லி அக்கா கையசைத்தபோது, தாகம்போல என்று தம்பி ஸ்பூனை எடுத்தான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"தண்ணி வேணாம். முப்பத்தேழாம் அடுக்குல இருந்து திரும்பப் பாரு. நான் தப்பாப் பொறுக்கியிருப்பேன்டா."

"நீயாவது, தப்பாப் பொறுக்குறதாவது. பேசாமப் படுக்கா."

"பாப்பியா, மாட்டியா?"

"பாக்குறேன்."

பார்க்கும் உத்தேசம் அவனுக்குத் துளியும் இல்லை. இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். கடலடிச் சேற்றை அடுக்கடுக்காக வெட்டிக் கழுவினால் மணல் அளவில் நுண்ணுயிர்களின் ஓடுகள் மிஞ்சும். அவற்றில் மேல்நீரில் வாழ்ந்த ஒரே ஒரு வகையை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்து, மெல்லிய தூரிகையால் பொறுக்குவது அக்காவின் வேலை. அதை அமிலத்தில் கரைத்து மெக்னீசியத்தை அளப்பது தம்பியின் வேலை. மெக்னீசியம் கூடினால் அந்தக் காலத்துக் கடல் சூடு, குறைந்தால் குளிர். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் ஓடு மாறியதில்லை என்பதால் கூடத்தில் அவளுக்கு ஊசிக்கண் என்றே பெயர்.

அந்த முப்பத்தேழாம் அடுக்கில்தான் யாரும் கண்டிராத ஒரு குளிர் தம்பியிடம் சிக்கியிருந்தது. அடுக்குக்கு அடுக்கு கூடிக்கொண்டே போய், எழுபதோடு பட்டென்று நின்ற குளிர். அடுத்த மாதம் பெரிய ஆய்வாளர் சபையில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறான். அதற்காக ஒரு புதுச் சட்டைகூட வாங்கிவிட்டான்.

பதினொரு மணிக்கு அக்கா போய்விட்டாள். உடலைத் தர மதியமாகும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மாமா, அதாவது அவள் கணவர், வராந்தா பெஞ்சில் அவளுடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே இருந்தார். தம்பி மூன்று தெரு தள்ளியிருந்த கூடத்துக்குப் போனான். அவளுடைய பயம் வீண் என்று காட்டவே போனான். அவளுக்காக மட்டுமல்ல, தன் குளிருக்காகவும்தான்.

கரைத்தது போக மிச்ச ஓடுகள் சிறிய அட்டைப் பெட்டிகளில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் அடுக்கு எண், பொறுக்கிய தேதி. முப்பத்தாறு சுத்தமாக இருந்தது. முப்பத்தேழில் இரண்டு ஓடுகள் வேறு வகை. ஆழத்துக் குளிர்நீரில் வாழ்பவை. உருவத்தில் அச்சு அசல் அதே மாதிரி, வாயின் வளைவு மட்டும்தான் வேறு. ஐம்பதாம் அடுக்கில் ஏழு. எழுபதில் பாதிக்குப் பாதி. எழுபத்தொன்றிலிருந்து வேறொருத்தி பொறுக்கியது. அதில் ஒரு குறையும் இல்லை.

கடல் குளிரவேயில்லை. அக்காவின் கண்தான் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

எழுபதை முடித்த அன்றுதான் மாடிப்படியில் விழுந்தாள். தலைக்குள் கட்டி என்று தெரிந்து நாலு மாதமாகிறது. முப்பத்தேழின் தேதியோ எட்டு மாதம் பழையது. அந்த வாரம் அவள் கேட்டது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

"எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுடா. டாக்டர்கிட்ட கூட வாயேன்."

"இந்த அடுக்கெல்லாம் முடியட்டும்க்கா. அவசரம்."

அவள் மறுபடி கேட்கவில்லை. அவசரம் என்று தம்பி சொன்னதற்காக, தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு நாலு மாதம் பொறுக்கியிருக்கிறாள். அவனுக்குத் தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. மேசையில் தலையைச் சாய்த்து அழுதான்.

செல்போன் அடித்தது. மாமா.

"மாப்ள, ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க. நோய் எத்தனை மாசமா இருந்துச்சுன்னு எழுதணுமாம். நாலுன்னு போட்டுடவா?"

நாலு என்று எழுதினால் யாரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. பெட்டிகளை மூடி அலமாரியில் வைத்துவிடலாம்.

"எட்டு போடுங்க மாமா."



"எட்டா? நம்மகிட்ட அவ ஒண்ணும் சொல்லலையே."

"என்கிட்ட சொன்னா."

 தாள் புரளும் சத்தம் கேட்டது.

"எப்போ ஆரம்பிச்சுதுன்னு தேதியும் போடணுமாம், மாப்ள."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தேழாம் அடுக்கின் பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி, நாளையும் மாதத்தையும் படித்துச் சொன்னான்.