எட்டு பிளாக் போதும்

தனக்குள் பொறாமை என்று ஒன்று குடியிருப்பதே பெரிய மாப்பிள்ளைக்குத் தெரியாது, சின்ன மாப்பிள்ளை வந்து சேரும் வரை. அதுவரை அந்த வீட்டுக்கு அவர் ஒருவர்தான் மாப்பிள்ளை. மாமனாரின் கைப்பேசி மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள், கறியில் நல்ல துண்டு அவர் தட்டில்தான் விழும். மச்சினிக்குக் கல்யாணம் ஆனதோடு அந்த ராஜ்யம் போயிற்று. வந்தவன் நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லித் திட்டியாவது வயிற்றெரிச்சலைத் தணித்துக்கொண்டிருக்கலாம். நல்லவன் மேல் பொறாமைப்படுகிறவனுக்கு ஆறுதல் சொல்ல எவன் வருவான்?

போதாக்குறைக்குச் சகலைகள் இருவருக்கும் ஒரே தொழில். பெரியவர் ஓர் உலோகக் கிடங்கு நிறுவனத்தின் பிளாக்செயின் என்னும் கணினிக் கணக்கேட்டைப் பார்த்துக்கொள்கிறவர். கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு செம்புக் கட்டுக்கும் அந்தச் செயினில் ஒரு டோக்கன் உண்டு. டோக்கன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் செம்பு. சின்னவன் இருந்தது ஒரு சந்தை நிறுவனத்தில். வாங்குவதும் விற்பதும் அவனுடைய செயினில் நடக்கும். ஒரு செயினில் நடப்பது இன்னொன்றின் கண்ணுக்குத் தெரியாது; அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு முகம் பாராத பங்காளிகள் மாதிரி. அதனால் இரண்டு நிறுவனங்களும் கைகோத்து நடுவில் ஒரு பாலம் கட்டத் தீர்மானித்தன. சகலைகளைக் கொண்டுபோய் ஒரே அறையில் உட்கார வைத்தன. பாலம் ஓடத் தொடங்கியதும் தனிப் பிரிவு வரும், அதன் தலைமை இருவரில் ஒருவருக்கு என்றும் சொல்லிவிட்டார்கள். பெரியவர் அந்த நாற்காலியை மனதுக்குள் அன்றைக்கே தூசி தட்டி வைத்துக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாளில் மாமனார், அது என்னதான் பாலம் என்று கேட்டார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நீளமாகச் சொன்னார், சரியாகவும் சொன்னார். மாமனாரின் கண்கள் மெல்லச் சொருகின. அப்போதுதான் சின்னவன் வாயைத் திறந்தான்.

"சைக்கிள் ஸ்டாண்ட்ல வண்டிய விட்டா டோக்கன் தர்றாங்கல்ல மாமா, அப்படித்தான். அண்ணாவோட செயின்ல செம்பைப் பூட்டிடுவோம். பூட்டியாச்சுன்னு உறுதியானதும் என் செயின்ல அதுக்கு ஒரு நகல் டோக்கன் உண்டாகும். அது கை மாறிக்கிட்டே போகலாம். கடைசியா வாங்கினவர் நகலைத் திருப்பிக் குடுத்தா அதை அழிச்சுட்டு, அங்க பூட்டைத் திறந்து விட்டுடுவோம். ரெண்டும் ஒரே நேரத்துல வெளிய நடமாடக் கூடாது. அவ்வளவுதான்."

"இப்பதான் புரியுது," என்றார் மாமனார், தொடையில் தட்டிக்கொண்டு.

அந்த 'இப்பதான்' பெரியவரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அப்படியானால் இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம்? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நிற்க, பெரியவரின் செயினுக்கு ஒரு குணம் உண்டு. அதைப் பல ஊர்க் கிடங்குகளில் இருக்கும் கணினிகள் சேர்ந்து எழுதுகின்றன. எப்போதாவது இரண்டு கிடங்குகள் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பிளாக்கை, அதாவது கணக்கேட்டின் அடுத்த பக்கத்தை, எழுதிவிடும். செயின் இரண்டு கிளையாகப் பிரியும். பிறகு எந்தக் கிளை நீளமாக வளர்கிறதோ அதுதான் நிற்கும். மற்றதில் எழுதியது எழுதாததற்குச் சமம். ஆகவே ஒரு பதிவு நிலைத்துவிட்டது என்று நம்ப வேண்டுமானால், அதன் மேல் இன்னும் நாற்பது பிளாக்காவது அடுக்கப்படும் வரை பொறுக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது பெரியவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அந்தச் செயினை வளர்த்து ஆளாக்கியதே அவர்தான்.

பாலத்துக்குக் கடைசிக் கூட்டம் நடந்தது. திட்டத்தின் மேலதிகாரி அம்மாள், ஒரு செயினில் பதிவானதை மற்ற செயின் நம்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இரண்டு பக்கமும் கேட்டார். சின்னவன் சொன்னான், தங்கள் பக்கம் ரெண்டு செகண்ட் போதும் என்று. பெருமையடிக்காமல், மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னான். அறையில் இருந்தவர்கள் ஆகா என்றார்கள். பிறகு எல்லாத் தலையும் பெரியவர் பக்கம் திரும்பியது.

நாற்பது என்ற சொல் அவருடைய நாக்கு நுனி வரை வந்தது. ரெண்டு செகண்டுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரத்தை வைத்துப் பார்த்தார். குதிரைக்குப் பக்கத்தில் தன் மாட்டு வண்டியை நிறுத்தினாற்போல் இருந்தது.

"எட்டு பிளாக் போதும்," என்றார்.

கூட்டம் முடிந்ததும் நடைவழியில் சின்னவன் அவரைப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, "அண்ணா, எட்டு கொஞ்சம் கம்மியோ? கூட்டி வச்சுக்கலாமா? நேரமானா ஆகட்டும்," என்றான்.

"என் செயினைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறீங்களா தம்பி?"

அவன் முகம் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டான். எட்டு என்றே பாலத்தில் பதித்தான். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. எத்தனை மாத வேலை அது!

பாலம் ஜாம்ஜாமென்று ஓடியது. ஒரு காலை, ஏதோ ஓர் ஊரில் கேபிள் அறுந்து கிடங்குகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து எழுதத் தொடங்கும் வரை. அன்று ஒரு செம்பு வியாபாரி ஒரு கிளையில் தன் சரக்கைப் பாலத்துக்கென்று பூட்டினார். அதே சரக்கை அவருடைய தொழில் கூட்டாளி, விஷயம் தெரியாமல், மற்ற கிளையில் ஒரு கம்பி ஆலைக்கு விற்றார். பூட்டின் மேல் எட்டு பிளாக் சேர்ந்தது. பாலம் நம்பியது. சின்னவனின் செயினில் நகல் உண்டாகி, கண்மூடித் திறப்பதற்குள் விலை போயிற்று. அரை மணியில் கேபிளை ஒட்டியதும் பார்த்தால் கம்பி ஆலையின் கிளை நீளமாக இருந்தது. பூட்டு விழுந்த கிளை காற்றில் கரைந்தது. ஒரே செம்புக்கு இப்போது இரண்டு சொந்தக்காரர்கள். இருவர் கையிலும் அசல் ஆதாரம்.

பாலத்தை மூடினார்கள். நகலை வாங்கியவரை நிறுவனம் சமாதானப்படுத்தியது. விசாரணை நடந்தது. அம்மாள், எட்டு என்று வைத்தது யார் என்றார். பெரியவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் எழுந்துவிட்டான். அண்ணா கூட்டத்தில் சொன்னது ஒரு தோராயக் கணக்குதான், பிறகு அதைச் சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு, செய்யத் தவறிவிட்டேன் என்றான். பெரியவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் தலைமை நாற்காலி அவருக்கு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அந்த விடுமுறையில் மாமனார் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மாமனார் சின்னவனைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு பெரிய வேலையில் இப்படியா அலட்சியமாக இருப்பது, பக்கத்திலேயே அனுபவசாலி இருக்கிறாரே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். சின்னவன் தலையைக் குனிந்தபடி, ஆமாம் மாமா, கேட்டிருக்கணும் என்றான். பெரியவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. எத்தனை நாள் ஏங்கிய வார்த்தைகள்! முகத்தில் வந்துவிட்ட சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குப் போனார்.

அங்கே அவர் மனைவி தனியாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா," என்றாள். "நான்தான் கேட்டேன், ஏன் அவர் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டார்னு. அண்ணாவுக்கு இந்தப் பதவி ரொம்பத் தேவை, அது இல்லன்னா அவர் உடைஞ்சு போயிடுவார், எனக்கு இன்னொண்ணு கிடைக்கும்னு சொன்னாராம்."

பரிதாபம்! அவனுக்குத் தன் மேல் பரிதாபம். பெரியவருக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வேலையில் கெட்டிக்காரன், பேச்சில் கெட்டிக்காரன், சரி, தொலையட்டும். இப்போது தியாகியும் அவனேவா? நாற்காலியைத் தூக்கிப் பிச்சை போட்டுவிட்டு, இந்த வீட்டுப் பெண்களின் மனதில் அவன் கோபுரமாக நிற்பான்; தான் வாழ்நாள் முழுக்க அதன் நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை மட்டும் அவனிடம் விட்டுவைக்கக் கூடாது. நேர்மைக்காக உண்மை பேசுகிறவர்கள் இருக்கலாம். அன்று பெரியவர் கூடத்துக்கு வேகமாக நடந்தது சுத்தமான பொறாமையில்தான். நாற்காலி போகும் என்று அவருக்குத் தெரியும். போகட்டும்.

"தப்பு அவரோடது இல்ல மாமா," என்றார். "எட்டு போதும்னு சொன்னது நான். நாற்பது வேணும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். இவர் வந்து கேட்டப்பவும் வாயை அடைச்சு அனுப்பிட்டேன். நாளைக்கு ஆபீஸ்லயும் சொல்லிடுவேன்."

பெரியவர் நிமிர்ந்து நின்றார். என்ன வேண்டுமானாலும் திட்டட்டும்; இனி பெருந்தன்மைக்காரன் என்ற பட்டம் ஒருவனுக்கே சொந்தமில்லை.

மாமனார் அவரைப் பார்க்கவே இல்லை. சின்னவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தெரிஞ்சுமா மாப்ள, நான் அவ்வளவு திட்டினப்போ வாய் திறக்காம உக்காந்திருந்தீங்க?" என்றார். குரல் உடைந்திருந்தது. எழுந்து போய்ச் சின்னவனின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து மாமியாரும் மச்சினியும் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஈரக் கையைத் துடைத்தபடி, பெரியவரின் மனைவியும் வந்து அந்தப் பக்கமே போய் நின்றாள்.

பெரியவர் திட்டு வாங்கத் தயாராகக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.