தளும்பாதவரும் பதினேழு மாடிக் கப்பலும்

குளம் ஒன்றில் ஓர் ஆமை இருந்தது. நீந்தத் தெரியாத வண்டுகளையும் சோம்பல் பிடித்த தவளைகளையும் முதுகில் ஏற்றி அக்கரை சேர்ப்பது அதன் தொழில். ஒருநாள் அவ்வழியே வந்த யானை, "எத்தனை காலம் நீயே சுமப்பாய்? இன்று என் மேல் ஏறிக்கொள், மலைக்கு அப்பாலுள்ள ஏரியைக் காட்டுகிறேன்" என்றது. யானையின் தோல் சொரசொரப்பாக இருக்கிறது என்றது ஆமை. வெயில் கடுமை என்றது. அந்த ஏரியின் நீர் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றது. இப்படி அடுக்கடுக்காகக் காரணம் சொல்பவரிடம் சொல்லாத காரணம் ஒன்று இருக்கும் என்பதை யானை அறியும். ஆகவே அது பொறுமையாகக் காத்து நின்றது. அவ்விருவரையும் அங்கேயே நிற்க விட்டுவிட்டு, நாம் ஒரு பேருந்து ஓட்டுநரின் வீட்டுக்குப் போவோம்.

அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. டெப்போவில் அவர் 'தளும்பாதவர்'. பல ஆண்டுகளுக்கு முன் புதிதாக வந்த சோதனை அதிகாரி ஒருவர், "இவர் பிரேக் போடுவதே தெரியாதாமே, பார்த்துவிடலாம்" என்று, விளிம்பு முட்ட நீர் நிரப்பிய டம்ளரை டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு முன்னிருக்கையில் உட்கார்ந்தார். நாற்பத்தொரு நிறுத்தங்கள், இரண்டு ரயில்வே கேட்டுகள், குறுக்கே பாய்ந்த ஒரு நாய். கடைசி நிறுத்தத்தில் அதிகாரி டம்ளரைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. அந்த நீரைத் தாமே குடித்துவிட்டுக் கை கொடுத்துவிட்டுப் போனார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது.

முப்பது ஆண்டுகள் விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காகப் போக்குவரத்து நிறுவனம் அவருக்கு ஒரு பரிசு அறிவித்திருந்தது. திங்கட்கிழமை கடிதம் வந்தது. புதன்கிழமை தலைமை அலுவலகத்தில் பாராட்டு விழா. பரிசு, மிகப் பெரிய உல்லாசக் கப்பலில் மனைவியுடன் எட்டு நாள் பயணம். சம்மதமா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டும். தவறினால் பரிசு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவருடைய மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் இருபத்தாறு ஆண்டுகளாக அமர்ந்திருப்பவர். துறைமுகத்தைக் கடக்கும் பயணப் படகுக்கும் அதே கவுண்ட்டரில்தான் டிக்கெட். நாளொன்றுக்கு இருநூறு முறையாவது, "ஜன்னல் ஓரமா, உள்பக்கமா?" என்று கேட்பார். நூற்றுப் பன்னிரண்டு ஊர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த அந்தக் கையில், தனக்கென்று ஒரு டிக்கெட் இருந்ததே இல்லை.

திங்கள் மாலை, முடிதிருத்தும் சலூன் வைத்திருக்கும் மனைவியின் தம்பியும் கடையை அடைத்துவிட்டு வந்து சேர்ந்தார். மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் கப்பலின் படங்கள் அச்சிட்ட வழவழப்பான புத்தகம்.

"பதினேழு மாடியாம் அத்தான்!" என்றார் சலூன்காரர்.

"பதினேழு மாடிக்குக் கடல்ல என்ன வேலை? மாடி பார்க்கணும்னா எதிர்ல ஆஸ்பத்திரி இருக்கு. லிஃப்ட்ல ஏறி இறங்கிட்டு வா."

"உள்ள நாலு நீச்சல் குளம் இருக்குதாம்."

"சுத்தி அவ்வளவு தண்ணி இருக்கும்போது நடுவுல தொட்டி கட்டிக் குளிக்கிறவங்களை நம்பியா நான் ஏறணும்?"

"சாப்பாடு இருபத்துநாலு மணி நேரமும் கிடைக்குமாம்."

"அப்போ சமைக்கிறவன் எப்போ தூங்குவான்? தூங்காதவன் கையால நான் சாப்பிட மாட்டேன்."

சலூன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கப்பலின் ஒரு பக்கம் முழுக்க வரிசை வரிசையாக இருந்த சிறு ஜன்னல்களைப் படத்தில் விரலால் எண்ணிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்திப் புத்தகத்தை மூடினார்.

"விடுடா. அவருக்கு என்கூட வர இஷ்டமில்லை. சுத்தி வளைச்சு எதுக்கு?"

ஓட்டுநர் எழுந்து புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். காரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவரால் சொல்ல முடியவில்லை.

உண்மை இதுதான். வேறு யார் ஓட்டினாலும் அவருக்கு வயிறு புரட்டும். பேருந்தோ, காரோ, ரயிலோ, பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஸ்டியரிங் கையில் இருந்தால் மலைப்பாதையின் முப்பது வளைவுகளும் அவருக்குத் தாலாட்டு. பின்னிருக்கையில் உட்கார்ந்தால் தெருமுனை திரும்புவதற்குள் நெற்றி வியர்த்துவிடும். முப்பது ஆண்டுகளாக இதை ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்திருந்தார். டெப்போவுக்கு நடந்து போகும் தொலைவில் வீடு பார்த்தார். வாடகைக் கார் பிடித்தால், கார்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தாமே ஓட்டிவிட்டு, அவருக்கு முழு வாடகையும் கொடுத்து அனுப்புவார். திருமணத்தன்று மணமகள் அமர்ந்த காரையும் மாப்பிள்ளையே ஓட்டினார். உறவினர்கள் அதை மிடுக்கு என்று மெச்சினார்கள். பேருந்தையே தளும்பாமல் நடத்துகிறவரின் வயிறு தளும்பும் என்று தெரிந்தால் டெப்போ சிரிக்கும் சிரிப்பு அடங்க எத்தனை ஆண்டுகள் ஆகும்! அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் மனைவியின் பயணத்தைப் பலியிடத் துணிந்திருந்தார்.

புதன்கிழமை காலை தலைமை அலுவலகம் அவர்களை அழைத்துவர வெள்ளைக் கார் ஒன்றை அனுப்பியது. கூடவே விழாவில் அணிவதற்கென்று தங்க நிறப் பட்டை வைத்த நீலத் தொப்பி. வண்டியைக் கண்டதுமே அவர் நேரே அதை ஓட்டி வந்த இளைஞரிடம் போனார்.

"தம்பி, நான் ஓட்டட்டுமா?"

"ஐயையோ, இன்னைக்கு நீங்கதான் சார் விருந்தாளி. கையைக் கட்டிக்கிட்டு ராஜா மாதிரி உட்காருங்க."

அந்த ஊரில் தலைமை அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஏழு ரவுண்டானாக்கள். இரண்டாவதில் ராஜாவின் முகம் வெளுத்தது. மூன்றாவதில் கண்களை இறுக மூடிக்கொண்டார். நான்காவது பாதி சுற்றுவதற்குள் தங்கப் பட்டைத் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்தார். அதன்பின் அந்தத் தொப்பி தலைக்கு ஆகாததாயிற்று.

கார் ஓரமாக நின்றது. மனைவி பாட்டிலைத் திறந்து நீர் கொடுத்தார். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடித்தார். மீதி ரவுண்டானாக்களை அவரே ஓட்டிக் கடந்தார்.

விழா மேடையில், "தொப்பி எங்கே?" என்று மேலாளர் கேட்டபோது, மனைவி கொஞ்சமும் தயங்காமல், "வர்ற வழியில காத்துல பறந்துடுச்சு சார்" என்றார். வெறுந்தலையோடு அவர் பாராட்டைப் பெற்றுக்கொண்டார்.

திரும்பும்போது இருவரும் ஆறு கிலோமீட்டரும் நடந்தே வந்தார்கள். பாதி வழியில் மனைவி சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"அன்னிக்கா? சொன்னா ஓடிப் போயிருப்பே."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் பக்கத்துல உட்கார்ந்து வர்றதுன்னாலே உங்களுக்கு ஆகலைன்னு. எந்த ஊருக்குப் போனாலும் நீங்க ரோட்டைப் பார்ப்பீங்க. நான் உங்க ஒரு பக்கக் காதைப் பார்த்துக்கிட்டே வருவேன். முப்பது வருஷமா ஒரே காது!"

ஓட்டுநர் தம்மையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மாத்திரை ஏதாவது போட்டா?" என்றார் மனைவி.

"போட்டுப் பார்த்திருக்கேன். அரை நாள் மயக்கமா கிடந்தேன்."

"அப்போ வேண்டாங்க. நாலாயிரம் பேர் நடுவுல உங்களை அப்படிப் பார்க்க எனக்கும் மனசு வராது. படிவத்துல 'சம்மதமில்லை'ன்னு நானே எழுதிடறேன். யாருக்கும் சொல்லவும் மாட்டேன்."

அவர் கோபித்திருந்தால் ஓட்டுநர் தாங்கியிருப்பார். அந்தக் கனிவு அவரைத் தைத்தது. காற்றில் பறக்காத தொப்பியைப் பறந்ததாகச் சொன்னவர், இப்போது கப்பலையே பறக்க விடுகிறார்.

மறுநாள் வியாழன், அவருக்கு விடுப்பு. காலை பதினொரு மணிக்குப் பேருந்து நிலையத்தின் கவுண்ட்டர் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார். முறை வந்தது. உள்ளிருந்து தலை நிமிராமலே குரல் வந்தது.

"எங்கே?"

"அக்கரைக்கு ரெண்டு. போக வர."

"ஜன்னல் ஓரமா, உள்..." என்று பாதி சொன்னவர் நிமிர்ந்தார். "என்னங்க இது?"

"ஒத்திகை. உன் ஷிஃப்ட் முடிஞ்சதும் போறோம். தொப்பி ஏதாவது இருந்தா எடுத்துக்கோ."

பயணப் படகுக்கு அக்கரை சேர நாற்பது நிமிடங்கள். தடுப்புச் சுவரைத் தாண்டியதுமே அது ஆடத் தொடங்கியது. உள்ளே நீண்ட பெஞ்சில் அமர்ந்திருந்த ஓட்டுநர் வழக்கம்போலத் தலையைக் கவிழ்த்துக் கண்களை மூடிக்கொண்டார். குமட்டல் தொண்டைவரை வந்தது. மனைவி பிளாஸ்டிக் பையைப் பிரித்து நீட்டினார்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அவர் ஓட்டும் பேருந்திலும் வயிறு புரட்டிப் பையைத் தேடுகிற பயணிகள் உண்டு. அதே பள்ளம், அதே வளைவு. ஆனால் அவருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. ஏன்? பள்ளம் வருவது அவருக்கு முன்பே தெரியும். வளைவுக்கு முன்னரே இடுப்பு சாய்ந்துவிடும், கால் தளர்ந்துவிடும். பயணிகளுக்கு அது திடீரென்று வருகிறது. அவருக்கோ அது எதிர்பார்த்த விருந்தாளி. முப்பது ஆண்டுகளாகத் தம்மைக் காப்பாற்றியது ஸ்டியரிங் என்று நினைத்திருந்தார். ஸ்டியரிங் இல்லை, முன்கண்ணாடி!

பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். தட்டுத் தடுமாறிப் படகின் முன்புறத் திறந்தவெளிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே வரும் அலைகளைப் பார்த்தார். மனைவி பின்னாலேயே ஓடிவந்தார்.

"பெரிய பள்ளம் ஒண்ணு வருது. முழங்காலைத் தளர விடு" என்றார் ஓட்டுநர்.

படகு இறங்கியது. அவரும் அதனுடன் இறங்கினார்.

"அடுத்து ரெண்டு சின்னது. ஸ்பீடு பிரேக்கர் மாதிரி. இப்போ இடப்பக்கம் சாயும்... பார், சாஞ்சுதா?"

"சாஞ்சுதுங்க!"

"இப்போ வலப்பக்கம் கொஞ்சம். அந்தப் பெரிய கப்பல் போன தடம் அது. கடல்ல ரோடு போடலையே தவிர, எல்லாம் ரோடுதான்!"

பத்து நிமிடத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. இருபது நிமிடத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்கும் சேர்த்து அலைகளை அறிவித்துக்கொண்டிருந்தார். அக்கரையில் கால் வைத்ததும் அவர் சொன்ன முதல் சொல், "பசிக்குது."

திரும்பும் பயணத்துக்கு முன் அவர் கடையில் ஒரு டீ வாங்கினார். "விளிம்பு வரைக்கும் ஊத்துங்க" என்றார். "கை சுடுமே சார்" என்று கடைக்காரர் எச்சரித்தும் கேட்கவில்லை. அந்தக் காகிதக் கோப்பையை ஒரு கையில் ஏந்தி, மறுகையால் கம்பியைப் பிடித்து, நாற்பது நிமிடமும் படகின் முன்னால் நின்றார். அவர் கண் கோப்பையின் மேல் ஒருமுறைகூடப் போகவில்லை. கடலின் மேலேயே இருந்தது. கோப்பையைக் கவனித்தது மனைவிதான்.

படகேறும் முன் ஓட்டுநரே போனில் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், சலூன்காரர் துண்டும் எலுமிச்சம்பழமுமாக, இழவு வீட்டுக்கு வந்தவர் போன்ற முகத்தோடு படகுத்துறையில் காத்திருந்தார். அத்தான் நெஞ்சை நிமிர்த்தி இறங்கி வருவதைக் கண்டு அவர் வாய் பிளந்தது. கோப்பையின் அடியைத் தடவிப் பார்த்தார்; பிறகு அத்தானின் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தார்.

"சொட்டுக்கூடச் சிந்தலையே! குடிங்க அத்தான், குடிங்க!"

"ஆறிப் போச்சு. நீ குடி மச்சான்" என்றார் தளும்பாதவர்.

ஆமையையும் யானையையும் நிற்க வைத்துவிட்டு வந்தோம் அல்லவா? யானை காத்திருந்தது வீண் போகவில்லை. ஆமை கடைசியில் ஏறிக்கொண்டது. ஏறியதும் பழக்கப்படி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள, இருட்டில் உலகமே சுழன்றது. "கழுத்தை வெளியே நீட்டு" என்றது முதுகில் ஒட்டிக்கொண்டு வந்த தவளை ஒன்று. ஆமை நீட்டியது. மலைக்கு அப்பால் ஏரி மின்னுவதை அந்தக் கூட்டத்தில் முதலில் கண்டது அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணி. தலைமை அலுவலகத்துக்கு வழக்கம்போல வாடகைக் காரைத் தாமே ஓட்டி வந்திருந்த ஓட்டுநர், வரவேற்பு மேசையில் படிவத்தை விரித்து வைத்தார். 'சம்மதம்' என்ற கட்டத்தில் பேனா அழுத்தமாகப் பதிந்தது. 'உடல்நலக் குறைகள்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றது. மனைவி, "அதை எழுத வேண்டாங்க, வெறுமனே விட்டுடுங்க" என்று மெல்லச் சொன்னார். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, மேசைக்கு அப்பால் நின்ற மேலாளருக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதினார்: 'பிறர் ஓட்டினால் குமட்டும். முன்னால் நின்று பார்த்தால் குமட்டாது. கப்பலின் முன்புறம் தினமும் நிற்க இடம் வேண்டும்.'

மேலாளர் படித்தார், இருமுறை படித்தார். "அப்போ தொப்பி?"

"காத்துல பறக்கலை சார்" என்றார் தளும்பாதவர். "நல்ல காரியத்துக்குப் பயன்பட்டுச்சு."

மேலாளர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைகளின் கதவுகள் திறந்தன. மாலைக்குள் டெப்போ முழுவதும் செய்தி பரவியது. அவர்களும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவருடைய டேஷ்போர்டின் மேல் விளிம்பு முட்ட ஒரு டம்ளர் நீர் வைத்தார்கள். பெயரை மாற்ற எவருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அது மாலையில். காலையில் படிவத்தின் கடைசி வரி இன்னும் மீதமிருந்தது: அறை எந்தப் பக்கம் வேண்டும் என்ற கேள்வி. ஓட்டுநர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஜன்னல் ஓரமா, உள்பக்கமா?"

இருபத்தாறு ஆண்டுகளாக ஊராரிடமெல்லாம் அவர் கேட்ட கேள்வி. அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கவுண்ட்டருக்கு முன்னால் நிற்கும் பயணியைப்போல நிமிர்ந்து நின்றார்.

"ஜன்னல் ஓரம்" என்றார். "பக்கத்து சீட்டு இவருக்கு."