மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில்

பட்டமளிப்பு மேடைக்கு ஏழு படிகள். மற்ற மாணவர்கள் நாலே எட்டு வைத்து ஏறி, பட்டம் வாங்கி இறங்கினார்கள். கூப்பாட்டக்கா ஏறி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. நீதிமன்ற வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இருபது வருடமாக அவள் வேலை. தொண்டையும் அதற்கென்றே செய்த தொண்டை. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் ஆஜராகவில்லை என்று எழுதி வழக்குக் கட்டை மூடிவிடுவார்கள். ஒருநாள் முழங்கால் வீங்கிய பெரியவர் ஒருவர் நீதிமன்ற மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் அவள் மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டாள். அவர் மூச்சிரைக்க வாசலுக்கு வந்தபோது அவருடைய வீடு கைவிட்டுப் போயிருந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே மாலைநேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, இரண்டு பாடத்தில் மண்ணைக் கவ்வி, திரும்ப எழுதி, நாற்பத்தாறாவது வயதில் தேறினாள்.

விழாவன்று மூன்று படி ஒழுங்காகத்தான் ஏறினாள். அதன் பிறகு கால் வைத்த இடத்திலெல்லாம் இன்னொரு படி முளைத்தது. கீழே இருந்தவர்களுக்கு அவள் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் ஏறிக்கொண்டே இருப்பதாகத் தெரிந்தது. அங்கேயும் மூன்று முறைதான் பெயர் படிப்பார்கள். வராதவருக்குப் பட்டம் அடுத்த வருடம். பட்டமில்லாமல் வக்கீலாகப் பதிய முடியாது. பல்கலைக்கழகப் பதிவாளர் மூன்றாவது முறை படித்ததும் படியிலிருந்து அந்தத் தொண்டை கேட்டது.

"இருக்கேங்க. ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பதிவாளர் அதற்குள் எழுதப் பேனாவை எடுத்திருந்தார். பதில் சொன்ன ஆளை வரவில்லை என்று எப்படி எழுதுவது? விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அதில் அதற்கு இடமில்லை. ஆகவே விழாவை முடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் விருந்தினர்கள் ஊருக்குப் போனார்கள், நான்காம் நாள் மாலைகள் வாடின. பதிவாளர் மட்டும் தினமும் அதே கோட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தையல்காரரான அவள் கணவர் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரே நிமிடத்தில் மூன்று படி ஏறி அவளிடம் வந்துவிடுவார்.

"முழங்கால் வலிக்குதா?"

"உயிர் போகுது."

"இறங்கறதுன்னா மூணே படிதான்."

"அதனாலதான் இறங்க மாட்டேன். படியில நிக்கிறவங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காம எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கேன்."

அவர் ஊசி நூலை எடுத்தார். காலில் தட்டிய அங்கியின் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பதினோராம் நாள் காலை பத்தேகாலுக்கு அவள் மேடையை அடைந்தாள். பதிவாளரும் கணவரும் கூட்டிப் பெருக்கும் அம்மாளும் கை தட்டினார்கள்.

வக்கீலாகப் பதிந்ததும் முதல் வழக்காக அந்தப் பெரியவரின் கட்டைத்தான் திறக்கச் சொன்னாள். படியில் இருந்தால் வந்ததாக அர்த்தமா என்று நீதிபதி கேட்டார். "பதினோரு நாள் நான் படியிலதாங்க இருந்தேன். யாரும் என்னை வரலைன்னு எழுதலை," என்றாள். வழக்கை மறுபடி விசாரித்தார்கள். பெரியவருக்கு வீடு திரும்பக் கிடைத்தது.

நீதிமன்றத்திலும் படிகள் அவளுக்கு இன்றுவரை குறையவில்லை. திங்கட்கிழமை வழக்கென்றால் வியாழக்கிழமையே தூக்கோடு ஏறத் தொடங்கிவிடுகிறாள். மற்ற வக்கீல்கள் வணக்கம் சொல்லித் தாண்டிப் போகிறார்கள். புதிதாகப் பெயர் கூப்பிட வந்தவர் மூன்றாவது முறை கூப்பிட்டதும் மாடிப்படியை எட்டிப் பார்க்கிறார். கூப்பாட்டக்கா எங்கே என்று நீதிபதி கேட்பார். படியில் இருப்பதாகச் சொல்வார்கள். ஆஜர் என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த கட்டைப் பிரிப்பார்.