நூற்றில் எட்டு

மாதப்பன் ஒரு காகிதத்தைப் பத்து நாளாக ராகி மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அறுபத்தெட்டு வயது மனிதருக்கு அதைவிட நல்ல இடம் தோன்றவில்லை. தினமும் களி கிளறுகிற வீட்டில், மனைவி குள்ளம்மாள் கை விடாத நாளே இல்லாத டின் அது. ஒளித்து வைப்பதில் அவருக்கு இருந்த சாமர்த்தியம் அவ்வளவுதான்.

பொம்மிடிப் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஆய்வுக்கென்று, ஐம்பது வயது தாண்டிய, நோய்நொடி இல்லாதவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். இருவரும் போய்க் கையை நீட்டிவிட்டு, கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தார்கள். மூன்று மாதம் கழித்து அவளுக்கு வந்த கடிதத்தில் ஒன்றும் இல்லை என்றிருந்தது. அவருக்கு வந்ததில், 'உங்கள் ரத்த அணுக்களில் ஒரு மரபணு மாற்றம் தெரிகிறது. பயப்பட வேண்டாம், நேரில் வரவும்' என்றிருந்தது. பயப்பட வேண்டாம் என்று எழுதி அனுப்பினால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? "எனக்கும் ஒன்னுமில்லன்னுதான் போட்டிருக்கு" என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

குள்ளம்மாள் அவருடைய அக்கா மகள். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பெண்ணையே, முறை என்று, அவளுக்கு இருபது வயதானபோது கட்டிக்கொண்டார். நாலு பேர் முன்னால் 'வாங்க, போங்க' என்பாள். வீட்டுக்குள் சின்ன வயதில் கூப்பிட்ட அதே 'மாமா, நீ'தான். இரண்டாம் வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அப்போது அவர்கள் கடலைக்காடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. வேப்பமரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு இருவரும் கடலைக்காய் பிடுங்குவார்கள். குழந்தை அழ ஆரம்பித்தால் பாலும் வேண்டாம், தாலாட்டும் வேண்டாம். ஒரு ரயில் வந்தால் போதும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பொக்கை வாயால் சிரிக்கும். கூட்ஸ் வண்டி என்றால் இன்னும் கொண்டாட்டம். மாதப்பன் மண் கையோடு ஓடிவந்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணிச் சொல்லுவார். "அவளுக்கு எண்ணத் தெரியுமாக்கும்!" என்று குள்ளம்மாள் வரப்பிலிருந்தே கேலி செய்வாள். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் வந்ததே இல்லை. இன்றைக்கும் ரயில் சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பும்.

பதினோராம் மாதம் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் குழந்தை போய்விட்டது. துக்கத்துக்கு வந்த யாரோ, "ஒரே ரத்தத்துல கட்டுனா இப்படித்தான், தங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்ன முகம் மறந்துவிட்டது. சொன்னது மட்டும் முப்பத்தாறு வருடமாக மாதப்பன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு மலர்விழி பிறந்து, படித்து, சொந்தத்தில் இல்லாமல் அசலில் கல்யாணம் ஆகி ஓசூருக்குப் போய்விட்டாள். ஆனால் முதல் குழந்தையின் பெயரை அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. செத்த பச்சைப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது போகிற வழி போகாமல் திரும்பிப் பார்க்கும் என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை. அவர்களே சொல்லாததை நாம் முந்திக்கொண்டு சொல்வானேன், பொறுப்போம்.

கடிதம் வந்ததும் மாதப்பன் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிவிட்டார். கெட்டது தன் ரத்தத்தில்தான் இருந்திருக்கிறது. அதுதான் குழந்தையைக் கொண்டுபோனது. மலர்விழிக்கு இப்போது ஆறாம் மாதம். அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் அது போயிருந்தால்? வளைகாப்புக்கு நாள் குறிக்க உட்கார்ந்தபோது, "இந்த மாசம் வேணாம்" என்று எழுந்துவிட்டார். ஏன் என்று கேட்ட குள்ளம்மாளிடம் எரிந்து விழுந்தார்.

பதினோராம் நாள், உரம் வாங்கப் போவதாகச் சொல்லித் தர்மபுரிக்குப் பஸ் ஏறினார்.

கடிதம் அனுப்பிய டாக்டர் நிர்மலாவுக்கு மலர்விழி வயதுதான் இருக்கும். "ஐயா, இது நோய் இல்லீங்க" என்று ஆரம்பித்தார். "எலும்புக்குள்ள ரத்தத்த உண்டாக்குற தாய் அணுக்கள் இருக்கு. வயசாக ஆக, அதுல ஒன்னு ரெண்டாப் பிரியறப்ப ஒரு சின்னத் தப்பு விழுந்துடும். அப்புறம் அந்த ஒன்னோட வாரிசுங்க மட்டும் கொஞ்சம் அதிகமாப் பெருகும். எழுபது வயசுக்காரங்க பத்துப் பேர்ல ஒருத்தருக்காவது இருக்கும். பெரும்பாலும் ஒன்னும் பண்ணாது. வருசம் ஒரு தடவ ரத்தம் பாத்துக்கலாம். பிரஷர் ஏறாமப் பாத்துக்கணும், பீடிய விட்டுடணும்."

பீடி விஷயம் அவர் காதில் ஏறவே இல்லை. "அம்மா, ஒன்னே ஒன்னு கேக்கணும். அக்கா மவளத்தான் கட்டினேன். மொதப் பொண்ணு பதினோரு மாசத்துல போயிடுச்சு. இதாலதானுங்களா? ரெண்டாவது மவ இப்ப மாசமா இருக்கா."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "பொறக்கும்போதே வந்ததா இருந்தா எல்லா அணுவுலயும் இருக்கணுங்க. உங்க ரத்தத்துல நூத்துக்கு எட்டு அணுவுலதான் இருக்கு. இது நடுவுல வந்தது. உங்க அப்பா அம்மா குடுத்ததும் இல்ல, நீங்க புள்ளைக்குக் குடுக்கறதும் இல்ல. மகளுக்கும் போகாது, பேரப்புள்ளைக்கும் போகாது."

"சொந்தத்துல கட்டினது?"

"அதுல சில நோய் வர வாய்ப்பு கூடத்தான், பொய் சொல்ல மாட்டேன். உங்க கொழந்த எதனால போச்சுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நாங்க அனுப்பின காயிதத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லீங்க." பிறகு மெல்லக் கேட்டார். "அவ பேரு என்னங்க?"

மாதப்பன் வாயைத் திறந்தார். வரவில்லை. "பாப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குள்ளம்மாள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் அவள் மடியில் இருந்தது.

"உரம் வாங்கியாச்சா?" என்றாள்.

"எப்பப் பாத்த?"

"நீ வச்ச அன்னிக்கே. நானும் படிச்சவதான்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நானும் சொல்லணுமே." அவள் கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். "பெத்தவ நான். என் ரத்தந்தான் புள்ளைக்கு ஆவலன்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன் மாமா. இதப் படிச்சதும், பாவி, ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன். அப்பாடா, நான் இல்லன்னு. அப்புறம் டின்னுக்குள்ளயே போட்டுட்டு அழுதேன்."

ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் தனித்தனியாக இதைச் சுமந்திருக்கிறார்கள். மாதப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை எல்லாம், நூற்றில் எட்டு என்பது வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னார். பீடி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார்.

"நீயும் இல்ல புள்ள, நானும் இல்ல" என்று முடித்தார்.

தூரத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று வரும் சத்தம் கேட்டது. பெட்டிகள் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தன.

"பாஞ்சாலி" என்றார் மாதப்பன்.

குள்ளம்மாள் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ரயில் போய் முடியும் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு மாமா" என்றாள்.