விச்சியனுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை

மேகோங் ஆற்றங்கரையில் மீன் சுட்டு விற்கும் சம்ருவாய்க்கு வலது கன்னத்தில் வலி வந்தால் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். காற்றுப் பட்டாலே துடித்துப்போவாள். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரி டாக்டர் அது நரம்பு வலி என்றார். அதற்கு மாத்திரை உண்டு. ஆனால் பரம்பரையாக வரும் ஒரு கூறு ரத்தத்தில் இருப்பவர்களுக்கு அந்த மாத்திரையே தோலை உரித்துவிடும். சோதித்துவிட்டுத்தான் தருவேன் என்று ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மாத்திரையின் பெயரைக் கேட்டதும் அவள் புருஷன் விச்சியன் சிரித்தான். வலிப்பு நோய்க்காக இளவயதிலிருந்து அவன் தினமும் விழுங்குவது அதைத்தான்.

"இதுக்கா இம்புட்டு பயமுறுத்துறாங்க? எனக்கு எங்கயாவது உரிஞ்சிருக்கா பாரு!"

"உன்னுது எருமைத்தோலு, மாலி அப்பா."

அப்படிச் சொன்னவள், ஒரு வாய் சோற்றைக்கூட மெல்ல முடியாமல் போனபோது அழுதுகொண்டே கையை நீட்டினாள். அவன் தன் மாத்திரையில் ஒன்றை வைத்தான்.

வலி அடங்கியது. பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்துச் சாப்பிட்டாள். மகள் மாலியைக் கேலி செய்து சிரித்தாள். தினமும் ரகசியமாக அவனிடம் வாங்கி விழுங்கினாள்.

சோதனை முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது மாலிதான் எடுத்தாள்.

"அம்மாவுக்கு அந்தக் கூறு இருக்காம்ப்பா. அந்த மாத்திரைய வாழ்நாளுக்கும் தொடக்கூடாதாம். நல்லவேளை, இன்னும் ஆரம்பிக்கல."

விச்சியன் திரும்பிப் பார்த்தான். பாயில் காய்ச்சலோடு படுத்திருந்தாள் சம்ருவாய். கண் சிவந்து, உதடெல்லாம் வெடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைப் புரட்டினால் தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. தீயில் வெந்தவளைப் போலக் கிடந்தாள். உயிர் பிழைத்தாள், கண் பிழைக்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்தது. மாலியின் ரத்தத்தையும் சோதித்தார்கள். அவளுக்கும் அதே கூறு இருந்தது.

விச்சியன் தன் மாத்திரையை நிறுத்திவிட்டான். டாக்டர் வேறு மருந்து எழுதித் தருவதாகச் சொல்லியும் போகவில்லை. மீன் பிடிக்கப் போனபோது வலிப்பு வந்து படகிலிருந்து ஆற்றில் விழுந்தவனை மற்ற மீனவர்கள்தான் இழுத்துப் போட்டார்கள்.

ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சம்ருவாய் தடவித் தடவி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் குடுத்தியே, அதை இப்ப நீ முழுங்கு."

"அதைப் பாத்தாலே குமட்டுது, சம்ருவாய்."

"நீ செத்துட்டா என்னை யாரு கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போறது? மாலி பள்ளிக்கூடம் போகவேணாமா? முழுங்குய்யா!"

அவன் விழுங்கினான். அவள் நம்பவில்லை. அவன் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கவைத்து, நாக்குக்கு அடியில் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள்.