ஒற்றைப் பூட்டு

சித்தப்பா எனக்கு வைத்த செல்லப் பெயர் 'மிளகா'. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதனால் அந்தப் பெயரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா இறந்ததிலிருந்து ஒரு வருஷமாக நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடவில்லை. 'அந்த ஆள்' என்றுதான் சொன்னேன்.

அப்பாவும் அவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். அண்ணன் கீழே லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி கிரீஸ் போட்டால், தம்பி மொட்டை மாடி மெஷின் ரூமில் இருப்பார். வேலை தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் ஆளுக்கொரு பூட்டுப் போட வேண்டும். அப்பாவின் பூட்டில் சிவப்புப் பெயிண்ட், சித்தப்பாவுடையதில் நீலம். அவரவர் சாவி அவரவர் சட்டைப் பையில். இரண்டு பூட்டும் திறந்தால்தான் சுவிட்சைப் போட முடியும். தம்பி எவ்வளவு அவசரப்பட்டாலும், அண்ணன் மேலே வந்து தன் பூட்டைத் திறக்கும்வரை லிஃப்ட் ஓர் அங்குலம் நகராது.

அப்பா இறந்த அன்றைக்கு நீலப் பூட்டு மட்டும்தான் தொங்கியது. வேலை முடிந்தது என்று அப்பா கீழேயிருந்து போனில் சொன்னார். சித்தப்பா பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டார். அதற்குள் அப்பா, மறந்துவிட்ட ஸ்பேனரை எடுக்கத் திரும்பவும் குழியில் இறங்கியிருந்தார்.

"ஒரு பூட்டு போதும்னு அண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன். சோம்பேறித்தனம். தப்பு என்னோடது" என்று சித்தப்பா விசாரணையில் சொன்னார். வேலை போயிற்று. இப்போது ஒரு கார் பார்க்கிங்கில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார்.

அவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தச் சிவப்புப் பூட்டு என் பள்ளி லாக்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

விபத்துக்கு முந்தின நாள் என் லாக்கர் சாவி தொலைந்து, பள்ளியில் பூட்டை உடைத்தாகிவிட்டது. மறுநாள் காலை "பூட்டு இல்லாம ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்று வீடே அதிரக் கத்தினேன். அப்பா தன் கருவிப் பையிலிருந்து பூட்டை எடுத்துச் சாவியோடு நீட்டினார். "ஐயோ சாமி, இந்தா பிடி. சாயங்காலம் நான் புதுசு வாங்கிக்கிறேன்" என்றார்.

இதை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. கடவுளிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. அவருக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டேன். ஒரு பூட்டு போதும் என்று சித்தப்பாவே சொல்லியிருந்தால், சிவப்புப் பூட்டு பையில் இருந்தாலும் போட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் என் மேல் தப்பில்லை. அவர் மட்டும் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால்? அதை நினைக்கவே பயமாக இருந்தது. பயம் வரும்போதெல்லாம் அவரைத் திட்டினேன்.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபம். வாரத்துக்கு ஒருவர் முறை. முறைக்காரர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மற்றவர் பின்னால் சொல்ல வேண்டும். பிறர் செய்த தப்பை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்ற வரி வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். என் முறையென்றால் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அம்மா கவனிக்காத மாதிரியே இருப்பாள். அவளாவது கவனிக்காமல் இருப்பதாவது!

அம்மா ஆஸ்பத்திரித் துணிகள் துவைக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க அங்கே போர்வை மடித்துவிட்டு வந்து, வீட்டிலும் துணி மடித்துக்கொண்டேதான் பேசுவாள். அப்பா இறந்து ஒரு வருஷமான ஒரு ராத்திரியிலும் அப்படித்தான் பேசினாள்.

"நாளைக்கு உங்க சித்தப்பாவை ஜெபத்துக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவாராம்?"

"அவருக்கு இருக்கறதே ஒரு மூஞ்சிதான். அதை வச்சுக்கிட்டுத்தான் வருவாரு." துணியை உதறினாள். "நாளைக்கு உன் முறை. அந்த வரியை முழுங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"உன்னால எப்படிம்மா முடியுது?"

"சுலபமா முடியல. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் மன்னிச்சேன். அதுக்கே ஒரு வருஷமாச்சு."

எங்கள் வீடு ஐந்தாவது மாடி. மறுநாள், லிஃப்ட் இருந்தும் சித்தப்பா படியேறித்தான் வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். துரும்பாக இளைத்திருந்தார்.

"உள்ள வாங்க தம்பி."

"இருக்கட்டும் அண்ணி, நான் இங்கயே…"

"வாங்கன்னு சொல்றேன்ல."

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஜெபத்தைத் தொடங்கினேன். இருவரும் பின்னால் சொன்னார்கள். அந்த வரி வந்தது. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். தப்புச் செய்தவர் அவர், பெரிய மனசு பண்ணி மன்னித்தவள் நான். கடவுள் முன்னால் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு பொய்யா?

"என்னால முடியாதும்மா."

சித்தப்பா எழுந்துவிட்டார். "விடுங்க அண்ணி, புள்ளைய வற்புறுத்தாதீங்க. நான் கிளம்பறேன்." செருப்பை மாட்டக் குனிந்தார். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா பூட்டு என்கிட்ட இருந்துச்சு!" என்று கத்தினேன்.

"மிளகா, வாயை மூடு!"

சித்தப்பா என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. உடனே அம்மா பக்கம் திரும்பினார். "சின்னப் புள்ள, ஏதோ உளறுது அண்ணி."

"நான் உளறல. அன்னைக்குக் காலையில அப்பாகிட்ட அடம்பிடிச்சுப் பூட்டை வாங்கினேன். நீ குளிச்சிட்டிருந்தம்மா. இப்பவும் என் லாக்கர்லதான் தொங்குது."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "தம்பி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் செருப்பை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். "வண்டியில போகும்போது அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. 'நம்ம மிளகா பூட்டைப் பறிச்சுக்கிச்சுடா, இன்னைக்கு உன்னோடதை வச்சு சமாளிப்போம்'னு."

"அப்புறம் ஏன் நீங்கதான் ஒரு பூட்டு போதும்னு சொன்னதா…"

"அப்பாவைப் பறிகொடுத்த புள்ள தலையில இதையும் வைக்கச் சொல்றீங்களா அண்ணி?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுவிட்சைப் போட்டது என் கை. கீழ போய் ஒரு தடவ பார்த்திருக்கணும், பார்க்கல. அதுல பொய் இல்ல."

ஒரு வருஷம் நான் அவரை அந்த ஆள் என்று சொன்னேன். அத்தனையும் தெரிந்தே வாங்கிக்கொண்டிருக்கிறார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிடுங்க சித்தப்பா" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் தேம்பித் தேம்பி அழுதேன். அவரும் அழுதார்.

அம்மா அழவில்லை. பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"அம்மா, ஏதாவது சொல்லும்மா. நாலு அடி வேணும்னாலும் அடி."

"இவரை மன்னிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இப்ப நீ வந்து இதைச் சொல்ற. இன்னைக்கு எனக்கு அந்த வரி வராது. வந்ததுன்னு பொய் சொல்ல மாட்டேன்." எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது. "நாளைக்கும் ஏழு மணிக்கு ஜெபம் இருக்கு. நீங்களும் வாங்க தம்பி. இப்ப ரெண்டு பேரும் கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

சாப்பாட்டை என் தட்டில் போட்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் சித்தப்பா படியேறி வந்தார். நான் ஜெபம் சொன்னேன். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு அம்மாவுக்காகக் காத்திருந்தேன். அவள் தலையை அசைத்தாள், வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. மன்னிப்புக்குக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். சித்தப்பா ஒரு வருஷம் காத்திருந்தார்.

நாலாம் நாள் அந்த இடத்தில் நான் நிறுத்தியதும் அம்மா கை நீட்டி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளாகவே அந்த வரியைத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியைச் சித்தப்பாவும் நானும் சேர்ந்து சொன்னோம்.