மூன்றாம் ஓலை

சைலஸுக்கு அமெரிக்காவில் எல்லாமே பிடிக்கும், மகளைத் தவிர.

மகள் ஜோவானா சான்டா கிளாராவில் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள் வேலையை உதறிவிட்டு, லிவர்மோருக்கு அப்பால் மலைச்சரிவில் ஓர் ஆட்டுப் பண்ணையில் சேர்ந்திருந்தாள். ஃப்ரீமான்ட் தமிழ்ச் சபையில் யாராவது விசாரித்தால், "அக்ரி-டெக் ஸ்டார்ட்அப்" என்பார் சைலஸ். வேதபாடம் வாசிக்கும்போது தவிர, ஆடு என்ற சொல்லே அவர் வாயில் வராது.

இந்த நோய்க்கு மருந்தாக டாலஸிலிருந்து ஆட்ரியன் என்ற இதய மருத்துவரை வரவழைத்தார். பையன் பெற்றோருடன் வந்து கேசரி சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்தான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ஜோவானா. யோசிக்கிறேன் என்கிற பெண் சம்மதிக்கிறாள். சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்கிறவள் வெட்கங்கெட்டவள். இதுதான் சைலஸின் கணக்கு.

அவள் பண்ணைக்குத் திரும்பியதும் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் கல்யாணத்துக்குக் கவுண்டி ஆபீஸ் லைசன்ஸ் போதும். சைலஸுக்குப் போதாது. ஊர்த் தேவாலயத்தில் போலவே மூன்று ஞாயிறு சபை நடுவில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று ஓலை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். மூன்றாம் ஓலைக்கும் சபை மௌனமாக இருந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. சபைச் செயலாளர் சைலஸ். ஓலையை எழுதியவர் அவர். சபையின் மௌனத்துக்கும் அவரே பொறுப்பு. ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் மகள் மலையை விட்டு இறங்கமாட்டாள் என்ற தைரியம் வேறு.

இரண்டு ஓலை முடிந்தபின் ஓர் ஆன்ட்டி ஜோவானாவுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினாள். கூடவே, "முகூர்த்தச் சேலை என்ன கலர்மா?" என்ற கேள்வியும்.

மூன்றாம் ஞாயிறு, சகதி காயாத பூட்ஸோடு ஆலயத்துக்கு வந்து நின்றாள் ஜோவானா. சைலஸ் வாசலை மறித்தார்.

"ஏட்டி, இந்தக் கோலத்துல உள்ள வராத. சம்பந்திமாரு முன்வரிசையில இருக்காங்க."

"யாருக்குச் சம்பந்தி, டாடி?"

"மெதுவாப் பேசு. ஆஃப்டர் சர்வீஸ் பேசிக்கலாம்."

"அப்புறம் பேச என்ன மிச்சமிருக்கும்?"

சைலஸ் வழியில் வந்த ஒருவருக்குச் சிரித்துத் தோத்திரம் சொல்லிவிட்டு, அதே சிரிப்போடு திரும்பினார். "உள்ள எந்திரிச்சு வாயத் திறந்தே, அதோட நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

அவள் அவரைத் தாண்டிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாடகர் குழுவில் நின்ற அம்மா ஜோசபின் அவளைப் பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டாள்.

போதகர் ரூஃபஸ் ஓலையை வாசித்தார். "தடையேதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தைத் திருப்பினார். அதுதான் வழக்கம்.

"எனக்குத் தடை இருக்கு, ஐயா."

"யாரும்மா அது?"

"பொண்ணு."

சபை மொத்தமும் திரும்பியது. ரூஃபஸின் ஊழியத்தில் யாரும் இதுவரை தடை சொன்னதில்லை. ஆராதனைப் புத்தகத்தைப் புரட்டினார். "உனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்ல."

"மாப்பிள்ளை ரத்த சொந்தமா?"

"இல்ல."

"வயசு?"

"இருபத்தேழு."

"எட்டு" என்று திருத்தினாள் ஓர் ஆன்ட்டி.

ரூஃபஸுக்கு உயிர் வந்தது. "அப்ப ஒரு தடையும் இல்லையேம்மா!"

"ஆட்சேபணை செல்லாது. மினிட்ஸ்ல ஏத்தவேண்டாம்" என்றார் சைலஸ்.

"எனக்கு இஷ்டமில்ல. என்னை யாரும் கேக்கவுமில்ல."

ரூஃபஸ் நேர்மையானவர். மறுபடியும் தேடிப் பார்த்தார். "அது இதுல இல்லையே."

ஜோவானா முன்பெஞ்சின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு இல்லாம தாலி கட்ட முறை இருக்கான்னு பாருங்க. இருந்தா நடத்துங்க. நான் வரமாட்டேன்."

முன்வரிசையில் ஆட்ரியன் எழுந்தான். "நீங்க ஓகே சொல்லிட்டதா அங்கிள் சொன்னாரே?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். இப்பச் சொல்றேன்."

அவன் மெல்லத் திரும்பி சைலஸைப் பார்த்தான். அவன் அம்மா கைப்பையை எடுத்தாள். ரூஃபஸ் அவசரமாகக் கீர்த்தனை எண்ணை அறிவிக்க, சபை என்றுமில்லாத பக்தியோடு பாடியது.

பாட்டு நடக்கும்போதே ஜோவானா வெளியேறினாள். பார்க்கிங்கில் தன் டிரக்குக்குப் பக்கத்தில் அவள் நிற்கையில் ஜோசபின் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"டாடி வீட்டுச் சாவிய வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"நீயும் அதைத்தான் சொல்றியா, மம்மி?"

ஜோசபின் கையை மட்டும் நீட்டினாள்.

ஜோவானா சாவிக்கொத்தை எடுத்தாள். வளையம் இறுகியிருந்தது, விரலுக்குப் பிடிகொடுக்கவில்லை.

"நகம் பேந்துரும். இங்க குடு" என்று வாங்கி, தன் நகத்தாலேயே வளையத்தைப் பிரித்து, வீட்டுச் சாவியைக் கழற்றிக்கொண்டு, டிரக் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள் ஜோசபின். "மலையில பாத்து ஓட்டு."

உள்ளே பாட்டு முடிவதற்குள் ஜோசபின் பாடகர் குழுவுக்குத் திரும்பியாக வேண்டியிருந்தது.